அறிஞர் அவையும் ஆராய்ச்சி நெறியும்

விழா மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரையொன்று வேண்டியபோது, தமிழாசிரியராதலின் சங்கச் செய்யுள் நயத்தையோ திருமுறைச் சிறப்பையோ யாம் எழுதுவோம் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவை பற்றி எம்மினும் நன்கெழுத வல்லார் நம் பழைய மாணவருள் பலர் உளர். யாம் ஈண்டு எடுத்துக்கொண்டது உயிரியலறிஞர் ஒருவரின் ஆராய்ச்சி வாழ்க்கையும், அதனின்று அவர் கண்டு கூறிய சில கருத்துகளுமாம். பயிற்றப்பட்ட தமிழாசிரியர்க்கு உயிரியலில் என்ன உரிமை என்று வினவுவார்க்கு விடை எளிது. உரிமை யாதும் இல்லை; ஆர்வம் மட்டுமே உண்டு. பேராதனையில் உயிரியல் பயிலும் எம் மாணவர் ஒருவர், தைப்பொங்கல் விடுமுறைக்கு முள்ளியவளைக்கு வந்தபோது ஆங்கில நூலொன்றைக் கொணர்ந்து தந்தார். அதனை அகராதியின் துணைகொண்டு மூன்று திங்களிற் படித்து முடித்தோம். விளங்காத இடங்களை அவரே தொலைபேசி வழியாக விளக்கினார். ஆசிரியர் மாணாக்கராகவும் மாணாக்கர் ஆசிரியராகவும் மாறிநின்ற அம்மூன்று திங்களும் எமக்கு இனியவை.

அந்நூலை இயற்றியவர் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் பெயரைத் தமிழிற் கூறுவதாயின் 'பரம்பரையலகு இயந்திரம்' எனலாம். தமிழ்நாட்டார் மரபணு என்பதனை இலங்கையில் நாம் பரம்பரையலகு என்கின்றோம். அவர்கள் செல் என்றும் உயிரணு என்றும் வழங்குவது நமக்குக் கலம். அவர்களின் குரோமோசோம் நமக்கு நிறமூர்த்தம். இச்சொல் வேறுபாடு மாணவரை இடர்ப்படுத்துகிறது என்பர் சிலர். எமக்கோ இரண்டும் வேண்டும். மரபணு என்னும்போது தொல்காப்பியர் ஓர் இயலுக்குப் பெயராக்கிய மரபு என்னுஞ் சொல் காதில் விழுகின்றது. கலம் என்னும்போது பாத்திரமும் தோணியும் ஒருங்கே கண்முன் தோன்றுகின்றன. உயிரைக் கொள்ளும் கலம். உயிரைக் கடத்தும் கலம்!

இராமகிருஷ்ணனுக்கு நொபெல் பரிசு அறிவிக்கப்பட்டது 2009 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 7 ஆம் நாள். அந்தப் புரட்டாதியில் யாம் செட்டிகுளத்து முகாமொன்றில் இருந்தோம். முள்ளியவளையார் பலரும் அவ்வாறே அங்கிருந்தனர். எப்பொருளையோ சுற்றிவந்த பத்திரிகைத் தாளொன்றில், சிதம்பரத்திற் பிறந்த தமிழர் ஒருவர் இரசாயனத்துக்கான பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார் என்னுஞ் செய்தி இருந்தது. அத்தாள் கூடாரத்துக்குக் கூடாரம் கைமாறியது. பரிசு எதற்கு என்பதனை எம்முள் எவரும் அறியோம். அறியவேண்டும் என்று தோன்றவும் இல்லை. நம்மவர் ஒருவர் என்று சொல்லிக்கொள்ள ஒரு பெயர் அன்று தேவைப்பட்டது, அது கிடைத்தது.

அவரோ, பரிசு கிடைத்த சில நாள்களுக்குள்ளேயே வேறொன்று கூறினார் எனப் பின்னர் அறிந்தோம். இந்தியாவிலிருந்து அறிமுகமில்லாதோர் அனுப்பிய வாழ்த்து மின்னஞ்சல்கள் குவிந்து தம் பணிக்குரிய அஞ்சல்களைத் தேடவொட்டாமற் செய்துவிட்டன என்றார். ஒருவர் எந்நாட்டிற் பிறந்தார் என்பது தற்செயலாய் நேர்வதே என்றும் கூறினார். மூன்று வயதிலேயே சிதம்பரத்தை நீங்கிய தமக்கு அவ்வூரிற் பாடங் கற்பித்ததாகச் சிலர் பத்திரிகைகளிற் கூறியதை மறுத்தார். இதனைப் படித்தபோது எமக்குக் கசப்பே மிகுந்தது. ஒரு வாழ்த்தைத்தானும் பொறுக்கலாகாதா என்று எண்ணினோம். ஆயினும் கற்பியாதவர் கற்பித்தேன் என்று முன்வந்தமை எம் நெஞ்சை உறுத்தியது. புகழ்பெற்ற மாணவரை 'என் கையில் வளர்ந்த பிள்ளை' என்று சொல்லும் ஆசை ஆசிரியர்க்கு இயல்பு. எமக்கும் உண்டு. ஆசை வேறு, சான்று வேறு. இவ்விரண்டையும் வேறுபிரித்தலே அவர் வாழ்நாள் முழுதும் செய்த தொழில் என்பது நூலைப் படித்தபின்பே எமக்குப் புலனாயிற்று.

அவர் வரலாறு நம் உயர்தர வகுப்பு மாணவர் அறியத்தக்கது. 1952 இற் பிறந்தவர். பெற்றோர் இருவரும் விஞ்ஞானிகள். வளர்ந்தது குஜராத்திலுள்ள பரோடாவில். இந்தியத் தொழினுட்பக் கழகத்திலும் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் அவருக்கு இடங்கிடைக்கவில்லை. பரோடாப் பல்கலைக்கழகத்தில் 1971 இற் பௌதிகப் பட்டம் பெற்று, அமெரிக்காவில் ஒகையோப் பல்கலைக்கழகத்தில் 1976 இல் அதே துறையிற் கலாநிதியானார். ஆனபின், தாம் செய்ய விரும்பியது இதுவன்று எனத் தெளிந்து, சன்டியாகோவில் உயிரியலை அரிச்சுவடியிலிருந்து பயிலும் மாணவராக மீண்டும் அமர்ந்தார். இசட் புள்ளி சற்றுக் குறைந்தமையால் வாழ்வே முடிந்ததென்று வீட்டு மூலையிற் குந்தியிருக்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கின்றோம். கலாநிதிப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலாம் பாடத்துக்குத் திரும்பிய ஒருவரின் கதை அவர்க்குப் பயன்படலாம்.

பின் யேல் பல்கலைக்கழகத்திற் பீற்றர் மூர் என்பாரிடம் இறைபோசோம் ஆராய்ச்சியிற் புகுந்தார். அது முடிந்து ஆசிரியப் பதவி வேண்டி ஏறத்தாழ 50 கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தும் ஒன்றிலும் அழைப்பு வரவில்லை. 1983 முதற் புரூக்கேவன் தேசிய ஆய்வுகூடத்திலும், 1995 முதல் யூற்றாப் பல்கலைக்கழகத்திலும் பணிபுரிந்தார். 1999 இல், ஊதியம் பெரிதுங் குறையும் என அறிந்தும், இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்துக்குச் சென்றார். அதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இறைபோசோம் என்பது யாது? தமிழ் மாணவர்க்கு எம் வழியிற் கூறுவோம். டீ.என்.ஏ. என்பது பெட்டகத்துள் வைத்துக் காக்கப்படும் மூலவேடு. அவ்வேட்டில் எழுத்துகள் நான்கே. வேண்டிய பகுதி மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் தாளிற் படியெடுக்கப்பட்டுப் பெட்டகத்துக்கு வெளியே வரும். அப்படியை மும்மூன்று எழுத்தாகக் கூட்டிப் படித்து, ஒவ்வொரு மூவெழுத்துச் சொல்லுக்கும் உரிய அமினோவமிலத்தைக் கொணர்ந்து சங்கிலியாகக் கோத்துப் புரதத்தை ஆக்குவது இறைபோசோம். நான்கு எழுத்தை மும்மூன்றாகக் கூட்டின் 64 சொற்கள் வரும். அமினோவமிலங்களோ 20. ஆகவே ஒருபொருட் பன்மொழிகள் இம்மொழியிலும் உண்டு. மூன்று சொற்கள் முற்றுப்புள்ளியாய் நின்று 'இங்கு நிறுத்துக' என்று பணிக்கின்றன. ஏடு ஓதவல்லான் இல்லையேல் ஏட்டாற் பயனென்ன? இறைபோசோம் இல்லையேல் பரம்பரையலகுகளும் அத்தகையனவே.

பற்றீரியாவின் இறைபோசோமில் ஐம்பதுக்கு மேற்பட்ட புரதங்களும் மூன்று ஆர்.என்.ஏ. இழைகளும் சிறியதும் பெரியதுமாகிய இரு கூறுகளாய் அமைந்துள்ளன. அதனுள் இலட்சக்கணக்கான அணுக்கள் எவ்வெவ்விடத்தில் நிற்கின்றன என்று காண்பதே வினா. கண்ணாற் காணவியலாது. கோடிக்கணக்கான இறைபோசோம்களை ஒழுங்காக அடுக்கிப் பளிங்காக்கி, அப்பளிங்கினூடே எக்ஸ்கதிரைச் செலுத்தி, சிதறுங் கதிர்கள் வரையும் புள்ளிகளிலிருந்து உருவத்தைக் கணித்தெடுத்தல் வேண்டும். இத்துணைப் பெரிய பொருளைப் பளிங்காக்குதல் ஆகாது என்று பலர் கைவிட்டிருந்த காலத்தில், 1980 இல், இஸ்ரவேலைச் சேர்ந்த அடா யோனத் அம்மையார் துணிந்து தொடங்கினார். இராமகிருஷ்ணன் குழுவினர் வெந்நீரூற்றில் வாழும் பற்றீரியா ஒன்றின் சிறிய கூற்றைத் தேர்ந்தனர். வெப்பந் தாங்கும் உயிரின் உறுப்புகள் எளிதிற் குலையா என்பது காரணம். கன்னியா வெந்நீரூற்றில் நீராடியிருக்கும் நம்மவருள் எத்தனைபேர் அந்நீரில் வாழ்வன எவை என்று எண்ணினோம்?

2000 ஆம் ஆண்டில் யேலிலிருந்து தோமஸ் ஸ்ரைற்ஸும் மூரும் பெரிய கூற்றின் உருவத்தையும், இராமகிருஷ்ணனும் யோனத்தும் தனித்தனியே சிறிய கூற்றின் உருவத்தையும் சில கிழமை இடைவெளியில் வெளியிட்டனர். மருத்துவத்துக்கும் இதனாற் பயனுண்டு. காசநோய்க்குரிய ஸ்றெப்ரோமைசின், ரெற்றாசைக்கிளின் முதலிய நுண்ணுயிர்கொல்லிகள் பற்றீரியாவின் இறைபோசோமையே பற்றி முடக்குகின்றன. எங்கே பற்றுகின்றன என்பது இப்போது அணுவளவிற் புலப்பட்டுவிட்டது.

நூலின் சுவை இவ்விளக்கங்களில் மட்டும் இல்லை. நான்கைந்து குழுவினர் ஒரே பொருளை நோக்கி ஓடிய ஓட்டத்தை ஒளிவு மறைவின்றி அவர் கூறுகின்றார். தமக்கு எழுந்த அச்சம், பொறாமை, பிறர்மேற் கொண்ட ஐயம், பரிசு வருமோ என்ற ஏக்கம் யாவற்றையும் எழுதுகின்றார். பரிசை எதிர்நோக்கியிருப்போர்க்கும் அதனைப் பெற்றுவிட்டோர்க்கும் வரும் மனநிலைகளை இருவகை நோய்களாக்கி எள்ளுகின்றார். மூவர்க்கு மேற் பகிரலாகாது என்னும் விதியால் ஹரி நொலர் போன்ற தகுதியுடையோர் விடுபட்டதையும் சுட்டுகின்றார். பரிசு பெற்றவர் ஒருவர் பரிசுகளால் அறிவியலுக்கு விளையுந் தீங்கைப் பேசுவது அரிது. 'பெற்றபின் பேசுதல் எளிதன்றோ' என்று எம் மாணவர் தொலைபேசியிற் கூறியதையும் ஈண்டுப் பதிவுசெய்கின்றோம். அதிலும் நியாயம் உண்டு.

இனி மகாநாடுகளைப் பற்றிக் கூறுவோம். இறைபோசோம் ஆராய்ச்சியாளர் சில ஆண்டுகளுக்கொருமுறை ஒருங்கு கூடுவர். 1999 இல் அவர்கள் கூடியது டென்மார்க்கிலே, சேக்சுபியர் தம் ஹம்லெத் நாடகத்துக்குக் களமாக்கிய எல்சினோர் என்னும் ஊரில். ஒவ்வொரு குழுவினரும் தாம் எத்துணைத் தெளிவாக உருவத்தைக் கண்டனர் என்பதனை அங்கு மற்றவர் முன் வைத்தனர். மேடையேறுவோன் தன் கண்டுபிடிப்பிற் பாதியைக் காட்டலாம், பாதியை மறைக்கலாம். ஆயினும் காட்டியது எதுவோ, அதனை எதிரே அமர்ந்திருக்கும் போட்டியாளர் துருவித்துருவி வினவுவர். அங்கே மாலை இல்லை, 'மாண்புமிகு' இல்லை. தேநீர் வேளையிலே இருவர் நின்று பேசும் பேச்சில் ஓராண்டு வேலை மிச்சமாதலும் உண்டு. ஓராண்டு வேலை வீணென்று தெரியவருதலும் உண்டு.

இந்திய விஞ்ஞானப் பேரவையை அவர் நோக்கிய நோக்கு இதனோடு ஒப்பிடத்தக்கது. 1914 இல் தொடங்கிய அப்பேரவையின் 2015 ஆம் ஆண்டு மும்பாய் அமர்வில், பண்டை இந்தியர் வானூர்தி செலுத்தினர் என்று ஓர் உரை நிகழ்ந்து உலகெங்கும் நகைப்புக்கு இடமாயிற்று. 2016 தொடக்கத்தில் இராமகிருஷ்ணனிடம் அப்பேரவை பற்றிக் கேட்டபோது, தாம் ஒருநாள் சென்றதாகவும், அறிவியல் பேசப்பட்டது மிகச் சிறிதே என்றும், அது ஒரு சேர்க்கஸ் என்றும், இனிச் செல்வதில்லை என்றும் விடையிறுத்தார். அப்போது அவர் இலண்டன் றோயல் சங்கத்தின் தலைவராயிருந்தார். சொல் கடிது என்று பலர் சினந்தனர். நூற்றாண்டு கடந்த ஒரு சபையை ஒருநாட் காட்சி கொண்டு மதிப்பிடலாமோ என்று வினவியோரும் உளர். எமக்கும் அச்சொல் சற்று மிகையாகவே தோன்றுகின்றது. ஆயினும் அவர் சுட்டிய குறை பொய்யன்று.

தமிழர்க்கு இவ்விருவகை மகாநாடும் பழக்கமானவையே. ஊர்காவற்றுறை மண்ணின் மைந்தராகிய தனிநாயகம் அடிகள் 1952 இல் தமிழ்ப் பண்பாடு பற்றி ஆங்கில ஏடொன்றைத் தொடங்கி, 1964 இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவக் காரணராயினார். பிறநாட்டறிஞரும் தமிழறிஞரும் ஒரே மேசையிலிருந்து கட்டுரை படித்து வாதிட வேண்டும் என்பது அவர் நோக்கம். முதல் மகாநாடு 1966 இற் கோலாலம்பூரில் நிகழ்ந்தது. 1968 இற் சென்னையில் நிகழ்ந்த இரண்டாவதிலே கடற்கரையிற் சிலைகள் எழுந்தன. ஊர்வலம் நகரை நிறைத்தது. அது தீதென்று யாம் கூறோம். மொழியின்மேல் மக்களுக்குள்ள அன்புக்கு ஊர்வலம் வேண்டும். 1974 இல் யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காவது மகாநாட்டின் இறுதியில் உயிர்கள் போயின; அதனை நம்மவர் மறவார். ஆனால் அக்கட்டுரைகளுள் ஒன்றையேனும் படித்தவரை எண்ணிப் பார்ப்பின் கைவிரல்கள் மிஞ்சும். ஊர்வலம் நினைவில் நின்றது. கட்டுரை நில்லாது போயிற்று.

பொருள் விட்டுப் பொருள் சென்றோம். கேம்பிரிட்ஜுக்குத் திரும்புவோம். ஊதியத்தை இழந்து இராமகிருஷ்ணன் அங்குச் சென்றமைக்குக் காரணம் அவ்வாய்வுகூடத்தின் பழக்கம். 1962 இல் அதனைத் தொடங்கி நடத்திய மக்ஸ் பெருற்ஸ், குருதியிலுள்ள ஈமோகுளோபினின் உருவத்தைக் காண 1937 இற் புகுந்து 1959 இலே கண்டவர். இருபத்திரண்டு ஆண்டு! ஆண்டுக்கொரு கட்டுரை காட்டாதவர்க்குப் பொருளுதவி இல்லை என்னும் ஆட்சியில் அவர் என்செய்திருப்பார்? குழுக்கள் சிறியன, கருவிகள் பொதுவானவை, நீண்டகால வினாவுக்குப் பொறுமை உண்டு. பெருற்ஸின் துணைவியார் அமைத்த சிற்றுண்டிச்சாலையிற் பேரறிஞரும் புதுமாணவரும் ஒரே மேசையிலிருந்து உண்பர். நம் பாடசாலைகளில் அதிபருக்கும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் தேநீர்க் கோப்பைகளே வெவ்வேறு.

பரம்பரையலகுத் தொகுதி ஆராய்ச்சிக்கும் அவ்வாய்வுகூடமே ஒரு தாய்வீடு. இரசாயனப் பரிசை 1958 இலும் 1980 இலும் இருமுறை பெற்ற பிரெடெரிக் சாங்கர், டீ.என்.ஏ. எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் முறையொன்றை 1977 இல் அங்கே வகுத்தார். அவ்வாண்டில் முழுமையாகப் படிக்கப்பட்டது ஒரு வைரசின் ஏடு. சற்றேறக்குறைய 5,400 எழுத்து. மனிதனின் ஏடோ 300 கோடிக்கு மேல். 1990 இற் தொடங்கிய அப்பெருமுயற்சி 2003 இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. எஞ்சிய இடைவெளிகள் 2022 இலேயே நிரம்பின. அவ்வாய்வுகூடத்தில் வளர்ந்த ஜோன் சல்ஸ்ரன் முதலியோர் 1996 இல் பெர்மியூடாத் தீவிற் கூடி ஒரு முடிவெடுத்தனர்: படித்த எழுத்துகளை ஒருநாளுக்குள் உலகுக்குப் பொதுவாக வெளியிடல் வேண்டும், எவரும் பூட்டிவைத்தலாகாது. இறைபோசோம் ஓட்டத்தின் இரகசியங்களைப் படித்த கண்ணால் இதனைப் படிக்கும்போது வியப்பு மேலிடுகின்றது. ஒரு தொழிலிலே, ஏறத்தாழ ஒரே காலத்தில், இருவகை ஒழுக்கம்! மகாநாடு என்பது அத்தீவில் நிகழ்ந்தது போலவும் ஆகலாம்.

வன்னி வாசகர்க்கு இதனினும் அணித்தானது நெல்லின் ஏடு. 1998 இற் தொடங்கி யப்பான் தலைமையிற் பத்து நாட்டார் கூடி அதனைப் படித்து 2005 இல் வெளியிட்டனர். நிறமூர்த்தம் பன்னிரண்டு, எழுத்துகள் 39 கோடிக்கு அண்மித்தன. அன்று கணித்த பரம்பரையலகுகள் 37,500 அளவில். மனிதனுக்கு உள்ளனவாகக் கருதப்படும் 20,000 அளவினும் மிகுதி. உழுபவனிலும் உழப்பட்ட வயலில் நிற்பதற்குச் சொற்களஞ்சியம் பெரிது என்று வகுப்பிற் கூறியபோது மாணவர் நகைத்தனர். பதினோராவது நிறமூர்த்தத்தில் ஒரு பகுதியை இந்தியர் படித்தனர். அப்பத்து நாடுகளுள் இலங்கை இல்லை.

ஆனால் இலங்கை நெல் அந்த ஆராய்ச்சிக் கதையில் உண்டு. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல்லாராய்ச்சி நிலையத்தார், வெள்ளத்தில் நாட்கணக்காக மூழ்கியும் சாகாத நெல்லினங்களைத் தேடிச் சோதித்தபோது, ஒரிசா நெல்லொன்றோடு இலங்கையிலிருந்து சென்ற சிலவும் தேறின. அவற்றுள் ஒன்று ஏடுகளிற் குர்க்கறுப்பன் என்று பதிவாகியுள்ளது. ஆங்கில எழுத்தின் வழி வந்த பெயராதலின் அதன் மூலவுருவை உறுதியாகக் கூறோம். ஆயினும் கறுப்பன் என்பதனைக் கேட்கத் தமிழ்ச் செவி தவறாது. கபிலநிறத் தத்தி என நூலோரும் அறக்கொட்டியான் என உழவரும் கூறும் பூச்சியைத் தாங்கும் அலகொன்று, இரத்து ஈனற்றி என்னும் சிங்கள உழவரின் நெல்லிலிருந்து வந்தது. 1958 இல் நாட்டுக்கு வந்து விளைச்சலைப் பெருக்கிய எச்-4 என்னும் இனத்தின் பெற்றோருள் ஒன்று நம் நாட்டு முருங்கைக்காயன். இவற்றையெல்லாம் காத்தவர் எவர்? கோட்டையில் விதைநெல்லை ஒதுக்கி, பசித்தாலும் அதிற் கைவையாதிருந்த பெயரறியாக் குடும்பங்கள்.

2009 இல் முள்ளியவளையிலிருந்து சென்றவர் விதைநெல்லைக் கொண்டுசெல்லவில்லை. கொண்டுசென்றவரும் ஓரிடத்தில் அதனை அவித்து உண்டனர். திரும்பிவந்து தண்ணிமுறிப்புக் குளத்தின் கீழ் வயலைத் திருத்தியபோது விதைத்தது வெளியிலிருந்து வந்த விதை. போன இனங்கள் எவை என்று கணக்கெடுத்தவர் இல்லை. மூவாயிரம் நெல்லினங்களின் ஏடுகளை ஒப்புநோக்கும் பெருந்திட்டம் 2014 இல் வெளிவந்ததைப் படித்தபோது, சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களே எம் நினைவுக்கு வந்தார். ஊரூராய் ஏடு தேடி, பாடபேதங்களை ஒப்புநோக்கி, 1887 இற் கலித்தொகையை அச்சேற்றியவர் அவர். நெல்லாராய்ச்சியார் செய்வதும் பாடபேத ஆராய்ச்சியே. செல்லரித்த ஏட்டுக்கு மறுபடி இல்லையேல் பதிப்பாசிரியர் என்செய்வார்? கன்னொறுவையிலும் பிலிப்பைன்சிலும் குளிரறைகளில் உறங்கும் விதைகள் நம் மறுபடிகள். அவற்றுள் வன்னியின் நெல்கள் எவை என்று கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாயம் பயிலும் நம் பிள்ளைகளில் ஒருவர் தேடிப் பட்டியலிடுவாராயின், அப்பட்டியலை அடுத்த மலரில் முதற் கட்டுரையாக இடலாம்.

மூழ்கியும் சாகா நெல்லின் அலகைப் பிரித்தறிந்து 2006 இல் வெளியிட்ட குழுவினருள் ஒருவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த பமெலா றொனால்ட் அம்மையார். நெல்லிலை வெளிறிக் கருகும் நோயைத் தடுக்கும் அலகொன்றை 1995 இற் கண்டு புகழ்பெற்றவரும் அவரே. நோய்செய்யும் பற்றீரியாவை அவ்வலகு எதனால் இனங்காண்கிறது என்று அவர் ஆய்வுகூடத்தார் 2009 இல் ஒரு விடை வெளியிட்டனர். சில ஆண்டுகளின்பின் புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் அச்சோதனையை மீளச் செய்தனர், விடை வரவில்லை. தேடியபோது, பற்றீரியக் குப்பியொன்றிற் பெயர் மாறி ஒட்டப்பட்டிருந்ததும், சோதனை முறை நம்பத்தக்கதன்று என்பதும் வெளிப்பட்டன. அம்மையார் 2013 இல் தம் கட்டுரைகள் இரண்டைத் தாமே மீளப்பெற்றுக்கொண்டு, பிழை நேர்ந்த விதத்தையும் உலகறிய எழுதினார். 2015 இல் சரியான விடையை அக்குழுவினரே கண்டனர்.

இதனைப் படித்த இரவு யாம் நெடுநேரம் உறங்கவில்லை. காரணம் கூறுவோம்.

சில ஆண்டுகளின்முன் ஒரு கருத்தரங்கில் முள்ளியவளை என்னும் ஊர்ப்பெயர் குறித்துக் கட்டுரை படித்தோம். முள்ளிச் செடி செறிந்து வளைந்து கிடந்த நிலமாதலின் அப்பெயர் என்று நிறுவினோம். நிறுவினோம் என்று அன்று எண்ணினோம். மண்டபம் கைதட்டியது, பொன்னாடை போர்த்தனர். வினாவுக்கு நேரமில்லை என்று தலைவர் அறிவித்தபோதும், பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், முள்ளி எண்டு நம்மட பகுதியில வேற ஊர்ப்பெயரிலயும் வருதே, அங்கயும் இதுதானா? பழைய உறுதி ஒண்டில பார்த்தனீங்களா?" என்று கேட்டான். யாம் முறுவலித்து, பெரியோர் வழிவழிக் கூறுவது என்றோம். அவையோர் நகைத்தனர். அவன் அமர்ந்துவிட்டான். ஏமநாதரையும் தருமியையும் பாடஞ்சொல்லி, இறைவன் செய்யுளென்றும் அஞ்சாது குற்றங்கூறிய நக்கீரரைப் புகழ்ந்து ஆண்டுதோறும் கண்கலங்குபவர் யாம். நன்னூற் பாயிரத்தில் வினாவுதலும் மாணாக்கன் கடமையுள் ஒன்றென்று கற்பிப்பவரும் யாமே.

யாம் எவ்வுறுதியையும் பார்த்திருக்கவில்லை. ஒருவர் கூற ஒருவர் எழுத, அதனை இன்னொருவர் எடுத்தெழுத வந்த விளக்கமொன்றை எமதாக்கினோம், அவ்வளவே. அதன்பின் ஊரிலுள்ள பழைய காணியுறுதிகள் சிலவற்றைத் தேடினோம். பல இடப்பெயர்வோடு போய்விட்டன. கிடைத்தவற்றில் ஊர்ப்பெயர் இருக்கின்றது, காரணம் இல்லை. கருத்தரங்குத் தொகுப்பு இதற்குள் அச்சாகிவிட்டது. எம் விளக்கத்தை வேறிரு மலர்களில் மேற்கோளாகவும் கண்டோம்.

ஆதலின் இம்மலரில் இதனை எழுதுகின்றோம். முள்ளியவளை என்னும் பெயர்க்கு அக்கட்டுரையில் யாம் கூறிய காரணத்துக்கு எம்மிடம் ஆதாரம் இல்லை. அதனை மீளப்பெறுகின்றோம். மேற்கோள் காட்டியோர் நீக்கிவிடுக. பழைய உறுதியோ தோம்போ வைத்திருப்போர் எமக்குக் காட்டின் வந்து பார்ப்போம். அன்று எழுந்து கேட்ட மாணவன் இப்போது எங்குளன் என்று விசாரித்துக்கொண்டிருக்கின்றோம்.